பழுதுபார்க்கக் கதவு திறக்காவிட்டால்…

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஒரு சச்சரவு தலைதூக்கும். மூன்றாம் தளத்துக் குளியலறையில் கசியும் நீர், இரண்டாம் தள வீட்டின் கூரையில் ஈரத்திட்டாகப் படரும். கீழ்வீட்டார் மேல்வீட்டின் உரிமையாளரிடம் முறையிடுவார்கள். அங்கே குடியிருப்பவரோ வாடகைதாரர். பிளம்பரை அனுப்பினால், ‘இன்று வசதிப்படாது’ என்று கதவு சாத்தப்படும். இரண்டு மூன்று முறை இப்படி நடந்துவிட்டால், ‘என் வீட்டுக்குள் நுழைய எனக்கு யார் அனுமதி தர வேண்டும்?’ என்று உரிமையாளர் கொதிப்பது இயல்பே.

ஆனால், வாடகைக்கு விட்ட வீட்டின் அனுபோகம் வாடகைதாரருடையது. பூட்டை உடைத்தோ மாற்றுச் சாவியால் திறந்தோ உள்ளே செல்பவர் அத்துமீறல் புகாருக்கு ஆளாக நேரிடும். தண்ணீரையோ மின்சாரத்தையோ துண்டித்துப் பணியவைக்க முயல்வது அதனினும் மோசம். சட்டம் அதை வெளிப்படையாகவே தடுக்கிறது. நியாயம் தம் பக்கம் இருந்தும் வழக்கில் தோற்க இதைவிட எளிய வழி இல்லை.

அதற்காக உரிமையாளர் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. நியாயமான நேரங்களில் உரிமையாளரோ அவருடைய முகவரோ வந்து சொத்தின் நிலையைப் பார்வையிட அனுமதிப்பது குத்தகைதாரரின் கடமை என்று 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டமே (பிரிவு 108) கூறுகிறது. தமிழ்நாட்டில் 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கு மாற்றாக 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் தெளிவானது. அதன் 17ஆவது பிரிவின்படி, குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பு எழுத்துபூர்வமாக அறிவித்துவிட்டு, பழுதுபார்க்க உரிமையாளர் உள்ளே செல்லலாம். காரணம், நாள், நேரம் ஆகியவை அறிவிப்பில் இருக்க வேண்டும்.

இந்த அறிவிப்பைப் பலர் மிரட்டல் கடிதமாக எழுதிவிடுகிறார்கள். வாடகைதாரரின் மறுப்புக்குப் பெரும்பாலும் காரணம் உண்டு. பகலில் வீட்டில் ஆள் இல்லாதிருக்கலாம். தனியாக வசிக்கும் பெண்ணாக இருக்கலாம். பழுது என்ற பெயரில் வெளியேற்றப் பார்க்கிறார்களோ என்ற ஐயமாகவும் இருக்கலாம். வருபவர் யார், வேலை எத்தனை நாள், பெயர்த்த தரை எப்போது சீராகும் என்பவற்றோடு இரண்டு மாற்றுத் தேதிகளையும் குறிப்பிட்டால் பாதிச் சிக்கல் அங்கேயே தீரும்.

அதன் பிறகும் மறுத்தால்? அந்தப் பிரிவு மறுப்புக்குத் தண்டனை எதையும் சொல்லவில்லை. எனது பார்வையில் இது சட்டத்தின் குறை. அறிவிப்பின் நகல், அது சேர்ந்ததற்கான சான்று, கசிவின் புகைப்படங்கள், கீழ்வீட்டாரின் புகார் ஆகியவற்றுடன் சட்டத்தின்கீழ் உள்ள வாடகை அதிகாரியையோ வாடகை நீதிமன்றத்தையோ வழக்கறிஞரின் துணையுடன் அணுகி, உத்தரவு பெற்றே நுழைய வேண்டும்.

வெளியேற்றக் கோருவது கடைசி வழி. வீட்டைக் காலிசெய்தாலன்றிச் செய்ய முடியாத பழுதுகளுக்கே சட்டம் அதை அனுமதிக்கிறது. குளியலறைக் குழாய் அந்த வகையில் சேராது. அப்படிக் காலிசெய்தவர் மீண்டும் குடிவர இரு தரப்பும் உடன்பட்டுப் புதிய ஒப்பந்தம் செய்தாக வேண்டும். வாடகைதாரர்களின் ஐயம் அடிப்படையற்றதன்று என்பது இதிலிருந்து விளங்கும்.

செலவைப் பொறுத்தவரை, கட்டமைப்பு, குழாய்கள், மின்கம்பி இணைப்பு ஆகியவை உரிமையாளர் பொறுப்பு. குழாய் வாஷர் மாற்றுவது, வடிகால் அடைப்பை நீக்குவது போன்றவை வாடகைதாரர் பொறுப்பு. வாடகைதாரர் தம் பங்கைச் செய்யத் தவறினால், உரிமையாளர் செய்து, செலவை முன்பணத்தில் கழித்துக்கொள்ளலாம்.

இவை அனைத்தும் எழுத்துபூர்வமான, முறையாகப் பதிவுசெய்யப்பட்ட ஒப்பந்தம் இருக்கிறது என்ற எண்ணத்தில் அமைந்தவை. வாய்மொழியாகவே வீட்டை விட்டவருக்கு முதல் படியிலேயே சறுக்கும். அடுத்த முறை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது, பார்வையிடும் நேரம், நள்ளிரவில் குழாய் வெடித்தால் யாரை அழைப்பது, மாற்றுச் சாவி யாரிடம் இருக்கும் என மூன்று வரிகளைச் சேர்த்துக்கொள்ளலாம்.