உங்களுக்குத் தெரியுமா? பட்டிப்பூவும் பாண் மதுவமும்

கல்முனைக் கடற்கரை மணலில் யாரும் தண்ணீர் ஊற்றாமலே பூத்து நிற்கும் பட்டிப்பூவின் இலையில் இரண்டு புற்றுநோய் மருந்துகள் இருக்கின்றன: வின்பிளாஸ்டின், வின்கிறிஸ்டின். பிள்ளைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோய்க்கு வின்கிறிஸ்டின் இன்றும் முக்கியமான ஊசிமருந்து. அதற்காக முற்றத்து இலையைப் பிடுங்கி அவித்துக் குடித்துவிடாதீர்கள்; அளவு தப்பினால் அது நஞ்சு.

ஒரு கிராம் வின்பிளாஸ்டின் எடுக்க ஏறத்தாழ 500 கிலோ காய்ந்த இலை தேவை!

இலைக்கு மாற்றாக, 2022இல் ஆய்வாளர் ஜே கீஸ்லிங்கின் குழுவினர் பாண் மாவைப் பொங்க வைக்கும் மதுவத்துக்குள் தாவரங்களின் 34 பரம்பரையலகுகளைப் புகுத்தினார்கள். மதுவம் அந்த மருந்தின் இரு பாதிகளையும் செய்து கொடுத்தது. பிறகு ஆய்வுகூடத்தில் இரண்டையும் இணைத்தார்கள்.

பல பரம்பரையலகுகளை வரிசை மாறாமல் கோப்பது எப்படி? நெசவு தெரிந்த மருதமுனைக்காரருக்கு இது எளிதில் விளங்கும். பழைய பாவோடு புதுப் பாவை முடியும்போது நூல் மாறினால் சேலையின் கரை குலைந்துவிடும். டீ.என்.ஏ. துண்டுகளும் அப்படித்தான். 2003இல் அமெரிக்காவின் டொம் நைட், எல்லாத் துண்டுக்கும் ஒரேமாதிரி நுனி வைத்து 'பயோபிரிக்' முறையைக் கொண்டுவந்தார். அதில் இரண்டிரண்டாகத்தான் சேர்க்க முடியும். 2008இல் ஜேர்மனியின் ஹாலே நகரில் பிறந்த 'கோல்டன் கேட்' முறை வேறுவிதம். பி.எஸ்.ஏ-1 என்ற நொதியம் ஜீ-ஜீ-ரீ-சீ-ரீ-சீ என்ற ஆறெழுத்தைத் தேடிப் பிடிக்கும். ஆனால் வெட்டுவது அதற்குச் சற்று வெளியே. வெட்டிய இடத்தில் நான்கெழுத்து நுனி நீட்டி நிற்கும். அந்த நான்கெழுத்தை நாமே தீர்மானிக்கலாம். பொருந்தும் நுனியோடுதான் அது ஒட்டும். ஒட்டியபின் அந்த ஆறெழுத்து அங்கே இருக்காது, ஆகவே நொதியம் திரும்ப வெட்டாது. வெட்டலும் ஒட்டலும் ஒரே குழாயில் முடிகின்றன. எனக்கு இதைவிட அழகான வேலை தெரியவில்லை.

நான்கெழுத்தில் 256 நுனிகள் உண்டு. அவற்றில் 16 தம்மோடு தாமே ஒட்டிக்கொள்ளும். அவற்றைத் தவிர்க்க வேண்டும்.

இதே கோல்டன் கேட் முறையில் 2022இல் பற்றீரியாவைத் தாக்கும் ரீ-7 வைரசின் 40,000 எழுத்து நீளமான டீ.என்.ஏ. முழுவதையும் 52 துண்டுகளிலிருந்து ஒரே குழாயில் கோத்தார்கள்.

பரம்பரையலகின் நடுவிலேயே அந்த ஆறெழுத்து இருந்தால்? நொதியம் அங்கேயும் வெட்டிவிடும். அதனால் புரதம் மாறாதபடி ஓர் எழுத்தை முன்கூட்டியே மாற்றிவிடுவார்கள்.

கீஸ்லிங் குழுவின் மதுவம் தந்த மருந்துப் பாதிகள் லீற்றருக்கு ஒரு மில்லிகிராமைக்கூட எட்டவில்லை. ஊசியாக நோயாளிக்கு வரும் வின்கிறிஸ்டின் இன்னும் பட்டிப்பூ இலையிலிருந்துதான் தொடங்குகிறது.