தோற்றவரின் கீதம் முதலில்

ஆட்டம் முடிந்துவிட்டது. வென்ற அணி துள்ளிக் குதிக்க வேண்டிய நேரம். ஆனால் இரு அணி வீரர்களும் ஒன்றாக நடந்து, தோற்ற கல்லூரியின் மாணவர்கள் நிற்கும் பக்கத்துக்குச் செல்கிறார்கள். அந்தக் கல்லூரியின் கீதம் பாடப்படுகிறது. வென்றவர்கள் அசையாமல் நிற்கிறார்கள். அதன் பின்னர்தான் எல்லோரும் மறுபக்கம் சென்று, வென்ற கல்லூரியின் கீதத்துக்கு நிற்கிறார்கள்.

அமெரிக்காவில் ஆண்டுதோறும் நடைபெறும் இராணுவ - கடற்படைக் கல்லூரிகளின் ஆட்டம் இப்படித்தான் நிறைவடைகிறது. 1802 இல் தொடங்கப்பட்ட வெஸ்ட் பொயின்ட் இராணுவக் கல்லூரியும், 1845 இல் தொடங்கப்பட்ட அனாபொலிஸ் கடற்படைக் கல்லூரியும் இதில் மோதுகின்றன. ஆடப்படுவது நாம் அறிந்த உதைபந்தாட்டம் அல்ல. றக்பியைப் போல முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க உதைபந்தாட்டம். “இரண்டாவதாகப் பாட வேண்டும்” என்பதே இரு அணிகளின் இலக்கு. வெற்றிக்கு அவர்கள் வைத்திருக்கும் மறுபெயர் அது.

இராணுவம், கடற்படை என்பன எமது வாசகர்கள் எளிதில் கடந்துபோகும் சொற்கள் அல்ல. இந்தக் கல்லூரிகளில் பயின்றவர்கள் பங்கெடுத்த வியட்நாம், ஈராக் போர்களில் மக்கள் பட்ட துயரத்தை எந்த விளையாட்டு மரபும் ஆற்றிவிடாது. எனினும், எதிரெதிராக நிற்பவர்களிடையே மரியாதை எப்படி உருவாகிறது என்பதை அறிய இந்த ஆட்டத்தின் கதை உதவும்.

அந்த மரியாதை தொடக்கத்திலேயே இருக்கவில்லை. 1890 இல் வெஸ்ட் பொயின்டில் நடந்த முதல் ஆட்டத்தில் கடற்படை 24 - 0 என வென்றது. 1893 ஆட்டத்தின்போது ஒரு கடற்படை உயரதிகாரிக்கும் இராணுவ உயரதிகாரிக்கும் மூண்ட வாக்குவாதம், துப்பாக்கிச் சண்டைக்கே இட்டுச்செல்லப் பார்த்தது என்று சொல்லப்படுகிறது. அதன் பின் 1898 வரை ஆட்டம் நடைபெறவில்லை. 1899 இல் மீண்டும் தொடங்கியபோது, இருவருக்கும் சொந்தமில்லாத பிலடெல்பியா நகரம் களமானது. இன்று வரை அதிகமான ஆட்டங்கள் அங்கேதான் நடந்திருக்கின்றன.

மெல்ல மெல்ல வேறு வழக்கங்களும் சேர்ந்தன. இரு கல்லூரிகளும் சில மாணவர்களை ஒரு தவணைக்கு மாறி மாறி அனுப்புகின்றன. எதிரணியின் வகுப்பறையில் படித்து, எதிரணியின் விடுதியில் உறங்கிய இவர்கள், ஆட்டத்துக்கு முன் மைதானத்தில் தத்தம் பக்கத்துக்குத் திருப்பி அனுப்பப்படுகிறார்கள். இதற்கு வேடிக்கையாக “கைதிகள் பரிமாற்றம்” என்று பெயர்.

1942 இல் உலகப் போரினால் பயணக் கட்டுப்பாடு இருந்தது. ஆட்டம் நடந்த அனாபொலிசுக்கு வெஸ்ட் பொயின்ட் மாணவர்கள் வர முடியவில்லை. எனவே கடற்படை மாணவர்களில் ஒரு பகுதியினர் இராணுவ அணிக்காகக் குரல் கொடுக்கும்படி பணிக்கப்பட்டனர். கடற்படை 14 - 0 என வென்றது. ஆனால் விருந்தாளி அணி ஆதரவுக் குரல் இல்லாமல் ஆட வேண்டியிருக்கவில்லை.

1963 நவம்பரில் ஜனாதிபதி கென்னடி கொல்லப்பட்டார். இளமையில் கடற்படை அதிகாரியாக இருந்த அவர், இந்த ஆட்டத்தை விரும்பிப் பார்த்தவர். ஆட்டத்தைக் கைவிடுவது பற்றிப் பேசப்பட்டபோது, அதை நடத்தும்படி அவரது குடும்பம் கேட்டுக்கொண்டது. டிசெம்பர் 7 ஆம் திகதி நடந்த அந்த ஆட்டத்தில் கடற்படை 21 - 15 என வென்றது. அதே வாரங்களில் துக்கத்தில் இருந்த ஒரு நாடு, இரு கல்லூரிகளின் மாணவர்கள் ஒன்றாக நிற்பதைக் கண்டது.

இந்தப் போட்டியின் கனதிக்கு வேறொரு காரணமும் உண்டு. வீரர்களில் பெரும்பாலோர் தொழில்முறை அணிகளுக்குச் செல்வதில்லை, படைச் சேவைக்கே செல்கிறார்கள். 1955 இல் இராணுவ அணியை வழிநடத்தி 14 - 6 என வென்ற டொன் ஹொலெடர், 1967 ஒக்டோபரில் வியட்நாமில், காயமடைந்தவர்களை மீட்கச் சென்றபோது கொல்லப்பட்டார். தாம் ஒருகாலத்தில் மோதி வீழ்த்தியவரின் மரணச் செய்தியை ஒருநாள் கேட்க நேரலாம் என்பது அந்த மைதானத்தில் நிற்கும் எல்லோருக்கும் தெரியும்.

இங்கே மரியாதை இரண்டு விடயங்களில் தங்கியிருக்கிறது. ஒன்று, இருவருக்கும் ஒரே விதி, பொதுவான களம். மற்றையது, தோற்றவருக்கும் தனது கீதம் உண்டு. “தோற்றுவிட்டாய், மறந்துவிடு” என்று அவரிடம் எவரும் சொல்வதில்லை.

போரில் நேர்ந்த இழப்பை ஆட்டத்தின் தோல்வியோடு ஒப்பிட முடியாது. ஆட்டத்தில் தோற்றவர் அடுத்த ஆண்டு திரும்பி வரலாம், போரில் இறந்தவர் வருவதில்லை. ஆனாலும் மே மாதத்தில் ஒரு விளக்கு ஏற்றவே அஞ்சிய காலங்களைக் கண்ட எமக்கு, வென்றவர் தொப்பியைக் கழற்றி, மற்றவரின் கீதம் முடியும்வரை காத்து நிற்கும் அந்தச் சில நிமிடங்களின் பெறுமதியை எவரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.