மாட்டுக் கணக்கு குதிரைக்கு ஆகாது! குட்டி பிறந்ததும் 3 மணி நேரம் உஷார்

புதுச்சேரி:

நடு ராத்திரி. கொட்டகையில் மங்கலாக ஒரே ஒரு விளக்கு. வைக்கோல் மெத்தை மேல் சினைக் குதிரை படுக்கிறது, எழுந்திருக்கிறது, திரும்பி வயிற்றைப் பார்க்கிறது, மறுபடியும் படுக்கிறது. உடம்பெல்லாம் வியர்வை.

குதிரைக்காரர் கிட்டே போவதில்லை. குரல் கொடுப்பதும் இல்லை. தள்ளி உட்கார்ந்து கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு இருக்கிறார்.

கடிகாரம் எதற்கு? அதில்தான் இருக்கிறது குட்டியின் உயிர்!

மண் குதிரையும் நிஜக் குதிரையும்

புதுச்சேரிக்குக் குதிரை புதிதல்ல. பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயின் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளைக்கு 1749-ம் ஆண்டு முசாபர் ஜங் "3 ஆயிரம் குதிரை மன்சப்" கொடுத்தார். அது அந்தஸ்தைக் காட்டும் எண்ணிக்கை. லாயத்தில் கட்டித் தீனி போட்ட கணக்கு அல்ல.

சுற்று வட்டாரத்து அய்யனார் கோவில்களில் நிற்கும் மண் குதிரைகளுக்கும் கொள்ளு வேண்டாம், டாக்டர் வேண்டாம்.

உயிருள்ள குதிரை அப்படியா? சவாரி கற்றுக் கொடுக்கவும், கல்யாண ஊர்வலத்துக்கும், கோவில் திருவிழாவுக்கும் குதிரை வளர்ப்போர் இன்றும் உண்டு. ஒன்றிரண்டு குதிரை வைத்திருக்கும் குடும்பத்துக்கு அதுதான் சோறு போடும் முதல்.

குதிரையின் சினைக் காலம் ஏறக்குறைய 11 மாதம். போடுவது பெரும்பாலும் ஒரே குட்டி. அது போய்விட்டால் ஒரு வருட உழைப்பும் தீனிச் செலவும் போச்சு. சில சமயம் தாயும் கூடப் போகும்.

நம் பக்கத்தில் எல்லோருக்கும் மாடு தெரியும். ஆகவே குதிரைக்கும் மாட்டுக் கணக்கே போடுகிறார்கள். இங்கேதான் மோசம் வருகிறது!

20 நிமிடம்தான்

பசு மணிக்கணக்கில் வேதனைப்பட்டு கன்று போடும். "கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போமே" என்று உட்கார்ந்திருக்கலாம். குதிரைக்கு அந்தப் பொறுமை ஆகாது. பனிக்குடம் உடைந்ததில் இருந்து 20 முதல் 30 நிமிடத்துக்குள் குட்டி வெளியே வந்துவிட வேண்டும்.

முதலில் இரண்டு முன்னங்கால், ஒன்றுக்கு ஒன்று சற்று முன் பின்னாக. அவற்றின் மேல் மூக்கு. இதுதான் சரியான வரிசை. ஒரு கால்தான் தெரிகிறது, தலையைக் காணோம், 20 நிமிடம் ஆகியும் ஒன்றும் நகரவில்லை என்றால் உடனே டாக்டர் வேண்டும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. வெளுத்த சவ்வுப் பை வருவதற்குப் பதில், வெல்வெட் துணி போல சிவப்பான பை முதலில் எட்டிப்பார்க்கும். நஞ்சு முன்கூட்டியே பிரிந்து விட்டது என்று அர்த்தம். குட்டிக்கு மூச்சு முட்டுகிறது! டாக்டர் வரும்வரை காத்திருக்க நேரம் இல்லை. அந்த இடத்திலேயே பையைக் கிழித்து, குட்டியை வெளியே எடுக்க உதவ வேண்டும்.

குட்டி விழுந்ததும் தொப்புள் கொடியை அவசரப்பட்டு வெட்டக்கூடாது. தாய் எழுந்திருக்கும்போது அது தானாகவே அறும். அறுந்த நுனியை டாக்டர் சொன்ன அளவில் கலந்த கிருமி நாசினியில் நனைக்க வேண்டும்.

1, 2, 3

அப்புறம் குதிரைக்காரர்கள் விரல் விட்டு எண்ணும் கணக்கு இது:

1 மணி நேரத்துக்குள் குட்டி எழுந்து நிற்க வேண்டும்.

2 மணி நேரத்துக்குள் பால் குடிக்க வேண்டும்.

3 மணி நேரத்துக்குள் தாய்க்கு நஞ்சு விழ வேண்டும்.

இதில் எது தவறினாலும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

பசுவுக்கு நஞ்சு விழ அரை நாள் ஆனாலும் பலர் கவலைப்படுவதில்லை. குதிரைக்கு 3 மணி நேரம் தாண்டினாலே அவசர சிகிச்சை! கருப்பையில் சீழ் பிடிக்கும். விஷம் ரத்தத்தில் ஏறி குளம்பைத் தாக்கும். குதிரை நடக்க முடியாமல் போகும். தொங்கும் நஞ்சைக் கையால் பிடித்து இழுப்பது அதை விட மோசம். விழுந்த நஞ்சையும் உடனே புதைத்துவிடக் கூடாது. விரித்து வைத்து, துண்டு ஏதும் உள்ளே தங்கி விட்டதா என்று டாக்டரிடம் காட்ட வேண்டும்.

சீம்பால்தான் முதல் மருந்து

"நஞ்சு விழட்டும், அப்புறம் பால் கொடுக்கலாம்" என்று சொல்லும் வழக்கம் கிராமங்களில் உண்டு. கன்றுக்கே அது கெடுதல். குதிரைக் குட்டிக்கு எமன்!

மனிதக் குழந்தை நோய் எதிர்ப்புச் சக்தியைத் தாயின் வயிற்றிலேயே வாங்கிக்கொண்டு பிறக்கிறது. குதிரைக் குட்டி வெறுங்கையோடு பிறக்கிறது. அதற்குக் கிடைக்கும் எதிர்ப்புச் சக்தி எல்லாம் சீம்பாலில்தான். அதையும் குடல் உறிஞ்சிக்கொள்வது முதல் சில மணி நேரம் நன்றாக நடக்கும். போகப் போகக் குறைந்து, 24 மணி நேரத்தில் கதவு சாத்தப்படும். அதற்குப் பிறகு குடம் குடமாகக் கொடுத்தாலும் வெறும் பால்தான்.

தாய்க்கு முன்கூட்டியே பால் ஒழுகினால் சீம்பால் வீணாகிறது என்று பொருள். குட்டிக்குப் போதுமான எதிர்ப்புச் சக்தி ஏறியதா என்று முதல் நாள் முடிவதற்குள் ரத்தம் எடுத்துப் பார்த்து விடலாம். குறைவாக இருந்தால், டாக்டர் வேறு குதிரையின் பிளாஸ்மாவை ஏற்றிக் காப்பாற்ற வழி உண்டு.

பாண்டியன் வாங்கிய குதிரைகள்

கவனிப்பு இல்லாவிட்டால் பணம் மட்டும் குதிரையைக் காப்பாற்றாது. அதற்கு 700 வருடத்துக்கு முந்திய சாட்சி இருக்கிறது.

1292-ம் ஆண்டு வாக்கில் பாண்டிய நாட்டுக்கு வந்த வெனிஸ் நகர யாத்ரீகர் மார்க்கோ போலோ எழுதி வைத்தது இது: ஓர்முஸ், ஏடன் வியாபாரிகளிடம் பாண்டிய மன்னர் வருடத்துக்கு 2 ஆயிரம் குதிரை வாங்குவார். ஒவ்வொன்றும் 100 மார்க் வெள்ளிக்கு மேல். வருடக் கடைசியில் மிஞ்சுவது 100 கூட இல்லை!

காரணமும் சொல்கிறார். குதிரைக்குச் சோறும் வேகவைத்த மாமிசமும் போட்டார்களாம். வைத்தியம் தெரிந்த ஆளே இல்லையாம். குதிரை சாகச் சாகத்தானே வியாபாரம்? ஆகவே வியாபாரிகள் குதிரை வைத்தியர்களை இந்தப் பக்கம் வரவே விடவில்லையாம். நல்ல சாதிப் பெண் குதிரைக்கும் கால் கோணிய குட்டிதான் பிறந்தது என்றும் எழுதியிருக்கிறார்.

அவர் கண்டது பாதி, கேட்டது பாதியாக இருக்கலாம். பாடம் மட்டும் பழையதாகவில்லை.

முன்னேற்பாடு

இன்று புதுச்சேரியில் வைத்தியர் இல்லை என்று சொல்ல முடியாது. குரும்பாப்பேட்டையில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி, ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. வேண்டியது முன்யோசனை.

குட்டி போடுவதற்கு 4 முதல் 6 வாரம் முன்பு தாய்க்கு டெட்டனஸ் ஊசி போட வேண்டும். அந்தப் பாதுகாப்பு சீம்பால் வழியாகக் குட்டிக்கும் போகும். கடைசி 3 மாதத்தில்தான் குட்டி வேகமாக வளரும். வெறும் கொள்ளு போதாது. நல்ல புல், தாது உப்பு, நாள் முழுக்கச் சுத்தமான தண்ணீர் வேண்டும்.

காம்பு நுனியில் மெழுகு போலக் கட்டினால் பிரசவம் ஓரிரு நாளில் என்று அறியலாம். பெரும்பாலும் அது ராத்திரியில்தான் நடக்கும். ஆகவே டாக்டரின் போன் நம்பரைக் கொட்டகைச் சுவரிலேயே எழுதி வைப்பது நல்லது.

விடிகிறது. நான்கு குச்சிக் கால்களை அகட்டி, தள்ளாடி, இரண்டு முறை விழுந்து, மூன்றாம் முறை எழுந்து நிற்கிறது குட்டி. மடியைத் தேடி முட்டுகிறது. பால் இறங்கும் சத்தம் கேட்கிறது.

அதற்குப் பிறகுதான் குதிரைக்காரர் கடிகாரத்தை விட்டு டீக்கடையைத் தேடிப் போகிறார்!