விரிசல் கண்ணாடியில், கோளாறு கூட்டில்

அமெரிக்க நெடுஞ்சாலைகளில் ஓடும், வீடாகவே அமைந்த பெரிய மோட்டார் ஹோம் வண்டிகளில் முன் கண்ணாடி ஏறக்குறைய வண்டியின் முழு அகலத்துக்கும் இருக்கும். கல் எதுவும் படாமலேயே ஒருநாள் அதன் மூலையிலிருந்து ஒரு கோடு கிளம்பும். கண்ணாடியை மாற்றுவார்கள். சில மாதங்களில் அதே மூலையில் மறுபடியும் கோடு விழும். அதன் பிறகும் கண்ணாடியைக் குறை சொல்வதில் பொருளில்லை. அதைத் தாங்கி நிற்கும் கூட்டைத்தான் சோதிக்க வேண்டும்.

இந்த வண்டிகளுக்கு ஃபோர்டு, ஃப்ரைட்லைனர் போன்ற நிறுவனங்கள் எஞ்சினோடு சேசிஸைத் தர, அதன்மேல் வின்னபேகோ போன்ற வேறு நிறுவனங்கள் வீட்டைக் கட்டுகின்றன. கரூரில் பஸ்ஸுக்குப் பாடி கட்டுகிற முறைதான். மேடுபள்ளத்தில் சேசிஸ் முறுக்கிக்கொள்ளும்போது பாடியும் சேர்ந்து முறுக்கும். கண்ணாடியால் அது முடியாது. வெயிலும் தன் பங்குக்கு வேலை செய்கிறது. வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸ் ஏறினால் 2.5 மீட்டர் நீள அலுமினியம் சுமார் 2.3 மில்லிமீட்டர் நீளும். அதே நீளக் கண்ணாடி 0.9 மில்லிமீட்டர்தான். இந்த வித்தியாசத்தையெல்லாம் நடுவில் இருக்கும் ரப்பர் பீடிங்கோ யூரித்தேன் பசையோ ஏற்றுக்கொள்ள வேண்டும். பீடிங் காய்ந்து சுருங்கிவிட்டால் கண்ணாடி நேராகச் சட்டத்தில் முட்டும்.

விரிசல் எங்கே தொடங்குகிறது என்பதுதான் முதல் தடயம். கல் பட்ட இடத்தில் சிறு பள்ளம் இருக்கும். நகத்தால் வருடினால் தட்டுப்படும். பள்ளமே இல்லாமல் ஓரத்திலிருந்து கிளம்பியிருந்தால் அழுத்தத்தால் வந்த விரிசல் என்று சந்தேகிக்கலாம். கல் பட்ட சிறு சேதத்துக்கு மாற்றுக் கண்ணாடி தேவையில்லை. உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சிவிட்டு ரெசின் செலுத்தி, புற ஊதா ஒளியில் இறுகச் செய்கிறார்கள். இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியிருப்பதால்தான் இந்த வைத்தியம் பலிக்கிறது. அந்தப் படலம் பெரும்பாலும் 0.76 மில்லிமீட்டர் தடிமன். 

அந்த ரெசின் தண்ணீரையும் வெளியே நிறுத்துகிறது. இது முக்கியம். விரிசலின் கூர்முனையில் சிலிக்கானும் ஆக்ஸிஜனும் பிணைந்திருக்கும் இடத்தை நீர் மூலக்கூறுகள் தாக்கி அறுக்கின்றன. அதனால், சாதாரணமாகத் தாங்கக்கூடிய அழுத்தத்திலும் விரிசல் மெல்ல மெல்ல நீள்கிறது. தொடங்கிவைப்பது கல்லாக இருக்கலாம், வளர்ப்பதில் ஈரத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

கூட்டிலும் அதே எதிரிதான். பீடிங் இடுக்கில் இறங்கும் மழைநீர் இரும்புச் சட்டத்தைத் துருப்பிடிக்கச் செய்கிறது. துரு, இரும்பைவிட அதிக இடத்தை அடைக்கும். அது உப்பி உப்பிக் கண்ணாடியின் விளிம்பை நெம்புகிறது. மூலை விரிசலுக்கு இதுவும் ஒரு காரணம். இன்னொரு பக்கம், ஃபைபர் கிளாஸ் தோலுக்குப் பின்னால் ஒட்டிய மெல்லிய பிளைவுட் ஊறிப் பிரிந்து, வெளிச்சுவர் கொப்புளம் போல எழும்பும். விரல் முட்டியால் தட்டினால் பிரிந்த இடம் பொள்ளலாக ஒலிக்கும்.

ஒழுகும் இடத்தை ஈரக்கறையை வைத்து முடிவு செய்யக் கூடாது. நீர் சட்டத்தின் வழியே நெடுந்தூரம் ஓடி வேறெங்கோ சொட்டும். ஜன்னல்களை அடைத்து, காற்று ஊதும் விசிறியால் உள்ளே காற்றழுத்தம் ஏற்றி, வெளியே இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளிப்பதே நல்ல வழி. ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழி கிளம்பும்.

பழுதுபார்ப்பில் வரிசை தவறக் கூடாது. ஓட்டையை அடைத்து, ஈரத்தை உலர்த்தி, துருவைச் சுரண்டி பிரைமர் பூச வேண்டும். அரித்துப்போன இரும்பை வெட்டிப் புதிது வெல்டிங் செய்ய வேண்டும். கண்ணாடித் திறப்பின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து சட்டம் கோணியிருக்கிறதா என்று பார்த்த பிறகே கண்ணாடி. கையில் கிடைத்த சிலிக்கோனை அப்புவது பெரிய தவறு. பிறகு அந்த இடத்தில் பெயின்டும் சரி, நல்ல சீலன்டும் சரி, ஒட்டுவது கடினம்.

பழைய மோட்டார் ஹோம் வாங்குகிறவர்களுக்கு ஒன்று: புதுக் கண்ணாடி போட்டிருந்தால், முந்தையது எந்த மூலையிலிருந்து உடைந்தது என்று கேட்டுவிட்டு விலை பேசுங்கள்.