பிரெஞ்சுக் கிராமத்தில் வீடு வாங்கும் முன்

2019-ல் பிரான்சின் மேற்குக் கடலோரம், ஒலெரோன் தீவில் ஒரு சேவலால் வழக்கு நடந்தது. சேவலின் பெயர் மோரிஸ். விடியற்காலையில் அது கூவுவதால் தூக்கம் கெடுகிறது என்று, விடுமுறைக்கு மட்டும் வந்து தங்கும் பக்கத்து வீட்டுத் தம்பதி நீதிமன்றம் போனார்கள். ரோஷ்ஃபோர் நீதிமன்றம் மோரிஸ் பக்கம் தீர்ப்புச் சொன்னது. வழக்குப் போட்டவர்கள் சேவலை வளர்த்தவருக்கு 1,000 யூரோ கொடுக்க வேண்டியதாயிற்று.

விஷயம் அதோடு முடியவில்லை. 2021 ஜனவரியில், நாட்டுப்புறத்தின் ஒலிகளையும் வாசனைகளையும் பாரம்பரியமாக ஏற்கும் சட்டமே வந்துவிட்டது. 2024-ல் இன்னொரு சட்டம்: ஏற்கெனவே முறைப்படி நடக்கும் பண்ணைக்குப் பக்கத்தில் வந்து குடியேறிவிட்டு, அதன் சத்தத்துக்கு நஷ்டஈடு கேட்க முடியாது.

அமைதியான கிராமம் தேடி வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதுதான். அது உழைக்கிற ஊர். அறுவடைக் காலத்தில் இயந்திரம் நள்ளிரவு வரை ஓடும். எருவின் வாடை ஜன்னல் வழியாக வரும். பல ஊர்களில் தேவாலய மணி ஒவ்வொரு மணி நேரத்தையும் இரண்டு முறை அடிக்கும். வீடு பிடித்துப்போனால், ஆகஸ்ட் மாத வெயிலில் மட்டும் பார்த்துவிட்டு முடிவெடுக்காமல், ஜனவரியிலும் ஒரு வாரம் அங்கே தங்கிப் பார்ப்பது நல்லது.

பிரான்சில் ஏறக்குறைய 35,000 உள்ளாட்சிகள். அவற்றில் பாதிக்கு மேல் 500 பேர்கூட இல்லாதவை. அத்தனை சிறிய ஊருக்கும் ஒரு மேயர், மேரி என்ற ஒரு மேயர் அலுவலகம். புதுச்சேரிக்காரர்களுக்குக் கடற்கரைச் சாலை மேரி கட்டடத்தால் பழகிய பெயர் இது. சின்ன ஊரில் மேரி வாரத்தில் சில அரை நாட்கள் மட்டுமே திறந்திருக்கும். பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது, ஜன்னல் மாற்ற அனுமதி கேட்பது எல்லாம் அங்கேதான் தொடங்கும். புதிதாக வந்தவர் முதல் வாரமே போய், “போன்ஜூர்” சொல்லித் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டால், பிறகு எல்லாம் சுலபம்.

வீடு வாங்குவதை நோத்தேர் என்ற அரசு நியமனம் பெற்ற சட்ட அதிகாரி நடத்துகிறார். முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகும், வாங்குபவர் மனம் மாற 10 நாள் அவகாசம் உண்டு. பழைய வீடென்றால் விலைக்கு மேல் சுமார் 7 முதல் 8 சதவீதம் செலவு. அதில் பெரும்பகுதி அரசுக்குப் போகும் வரி.

பலர் கவனிக்கத் தவறுவது செப்டிக் டேங்க். பாதாளச் சாக்கடை இல்லாத கிராமங்களில், விற்பவர் அதைச் சோதித்த அறிக்கையைத் தர வேண்டும். தொட்டி விதிப்படி இல்லை என்று அறிக்கை சொன்னால், வாங்கியவர் ஓராண்டுக்குள் சரிசெய்தாக வேண்டும். தோட்டத்தைத் தோண்டிப் புதிதாகப் போட ஆயிரக்கணக்கில் யூரோ ஆகும். கூரையையும் கல்சுவரையும் ரசிப்பதற்கு முன் அந்தத் தாளைப் படிக்க வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருகிறவர்கள் 180 நாளில் 90 நாளுக்கு மேல் தங்க, நீண்டகால விசா எடுக்க வேண்டும். வந்து 3 மாதத்துக்குள் இணையத்தில் அதைப் பதிவுசெய்ய வேண்டும். விசிட்டர் விசாவில் பிரான்சில் வேலை பார்க்க முடியாது. தொடர்ந்து 3 மாதம் வசித்தபின் பொது மருத்துவக் காப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் காப்பீடு கிடைப்பதைவிட டாக்டர் கிடைப்பதுதான் கடினம். டாக்டர்கள் இல்லாத வட்டாரங்களை ‘மருத்துவப் பாலைவனம்’ என்றே பிரெஞ்சுக்காரர்கள் சொல்கிறார்கள். புது நோயாளிகளை ஏற்கும் டாக்டர் எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறார் என்பதை, முதியவர்கள் வீட்டு விலைக்கும் முன்பே விசாரிக்க வேண்டும்.

தோர்தோன் பகுதியில் எமே என்ற சிற்றூரில் பிரிட்டிஷ்காரர்கள் ஏராளம். கிரிக்கெட் கிளப்கூட இருக்கிறது. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிய பிரெக்ஸிட்டுக்கு முன், இவர்களைப் போன்றவர்கள் பிரான்ஸ் முழுவதும் நூற்றுக்கணக்கில் ஊர்க் கவுன்சிலர்களாக இருந்தார்கள். 2020 தேர்தலில் போட்டியிடவும் ஓட்டுப்போடவும் இருந்த உரிமை போய்விட்டது. வேட்பாளர் கிடைக்காமல் திண்டாடும் சிற்றூர்களுக்கு அது உண்மையான இழப்பு. இன்று ஒரு பிரிட்டிஷ்காரரோ இந்தியரோ அங்கே ஓட்டுப்போட வேண்டுமானால் குடியுரிமை பெற வேண்டும். 2026 ஜனவரி முதல் அதற்குப் பி2 நிலை பிரெஞ்சு மொழித் தேர்ச்சி கட்டாயம்.

ஊர் விழாக் கமிட்டியில் சேர அதெல்லாம் தேவையில்லை. ஜூலை 14 தேசிய தின விருந்துக்கு மேசை போடவும், மறுநாள் பாத்திரம் கழுவவும் அங்கே எப்போதும் ஆள் வேண்டும்.