சுவரில் ஒரு கதவு வேண்டுமா?



பிழைப்பைத் தேடிச் சொந்த ஊரை விட்டுப் பெங்களூருக்கு வந்து, இருபது ஆண்டுகளுக்கு மேல் வாடகை வீடுகளில் மாறி மாறிக் குடியிருந்து, முடிவில் முப்பதுக்கு நாற்பது அடி மனையில் ஒரு வீட்டைக் கட்டிக்கொண்ட குடும்பங்கள் நம்மிடையே அநேகம் உண்டு. அந்த 1,200 சதுர அடிக்குள்தான் கூடம், சமையலறை, படுக்கையறை, மாடிப்படி, தண்ணீர்த் தொட்டி யாவும் அடங்க வேண்டும். முன்பக்கத்தில் ஒரு பகுதியைக் கார் ஷெட்டுக்கு ஒதுக்கி இரும்பு ஷட்டர் போட்டுவிடுவார்கள். வண்டியை உள்ளே விட்டபின் வெளியே வந்து, ஷட்டரை இறக்கிப் பூட்டி, பக்கத்துச் சந்து வழியாய்ச் சுற்றித் தலைவாசலுக்கு வர வேண்டும்.

இப்படிப்பட்ட ஒரு வீட்டிற்குச் சென்ற மழைக்காலத்தில் போயிருந்தேன். அந்த வீட்டுச் சகோதரி மருத்துவமனையில் பணிபுரிகிறவர். இரவு பதினொரு மணிக்கு மேல்தான் வீடு திரும்புவார். சில நாட்களுக்கு முன் மழை கொட்டிய ஓர் இரவில், அவர் ஷட்டரைப் பூட்டிக்கொண்டிருக்கையில், பின்னால் வந்த ஒரு மோட்டார் சைக்கிள் கேட்டருகே நின்றுவிட்டது. யாரோ வழி தெரியாமல் நின்றவராகவும் இருக்கலாம். ஆனால் அந்த இருட்டுச் சந்தில் தலைவாசல்வரை ஓடிய ஓட்டத்தை அவரால் மறக்க முடியவில்லை.

மறுநாளே அவருடைய கணவர் மேஸ்திரியை அழைத்துவிட்டார். கார் ஷெட்டிலிருந்து நேரே வீட்டுக்குள் வர ஒரு கதவு. மேஸ்திரி சுண்ணக்கட்டியால் சுவரில் அடையாளமும் போட்டுவிட்டார். அந்தச் சுவருக்கு அப்புறம் இருந்தது கணவரின் தாயார் உறங்கும் அறை. எழுபத்து நான்கு வயதான அந்த அம்மாவிடம் கேட்டதற்கு, "எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை, மருமகள் பத்திரமாய் வந்தால் போதும், போடுங்கள்" என்று சொல்லியிருக்கிறார்.

"ஐயா, நீங்கள் என்ன சொல்லுகிறீர்கள்?" என்று அந்தச் சகோதரர் என்னைக் கேட்டார். உடனே பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நான் கட்டடப் பொறியாளன் அல்ல. ஆனாலும் அன்றிலிருந்து விசாரித்தும் வாசித்தும் அறிந்துகொண்டவற்றை உங்களோடும் பகிர்ந்துகொள்ளுகிறேன். உங்களில் எத்தனையோ பேர் இதே கேள்வியோடு இருக்கிறீர்கள்.

1. தேவை உண்மையானதே

முதலாவது, இதை வீண் ஆடம்பரம் என்று தள்ளிவிடாதிருங்கள். ஷட்டரை உள்ளிருந்தே இறக்கிவிட்டு நேரே வீட்டுக்குள் வருவது, இரவில் தனியே திரும்பும் ஒரு பெண்ணுக்குப் பெரிய பாதுகாப்பு. மழையில் நனையாமல் குழந்தையைத் தூக்கி வரலாம். அரிசி மூட்டையை இறக்கலாம். முழங்கால் வலியுள்ள முதியவர் படிகளில் ஏறி இறங்காமல் காரில் ஏறலாம். ஒவ்வொரு நாளும் கிடைக்கும் நன்மைகள் இவை.

ஆனால் சற்றே சிந்தித்துப் பாருங்கள். கதவின் நன்மை தினமும் கண்ணுக்குத் தெரிகிறது. கதவில்லாத சுவர் செய்துகொண்டிருக்கும் நன்மையோ யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. அந்தச் சுவர் எதைத் தடுத்துக்கொண்டிருக்கிறது என்பதை அறியாமல் அதை உடைப்பது ஞானமாகாது.

2. சுவர் தடுத்து நிறுத்துவது எவற்றை?

வண்டிப் புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடு வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு அது பிராணவாயுவைவிட 200 மடங்குக்கும் மேலான பலத்தோடு ஒட்டிக்கொள்ளுகிறது. தலைவலி, மயக்கம், குமட்டல் என்றுதான் தொடங்கும். காய்ச்சலின் ஆரம்பம் என்று நினைத்துப் படுத்துவிடுவோம். உறங்குகிறவருக்கோ அந்த அடையாளமும் தெரியாது. குளிர்ந்த எஞ்சினைக் காலையில் இயக்கும் முதல் சில நிமிடங்களில்தான் இந்த வாயு மிகுதியாய் வெளிவருகிறது. புகையைச் சுத்திகரிக்கும் கருவி வண்டியில் இருந்தாலும், அது சூடேறிய பிறகே சரியாக வேலை செய்யும். 2020 ஏப்ரல் முதல் விற்கப்படும் பி.எஸ். 6 வண்டிகளுக்கும் இது பொருந்தும். ஷட்டரைத் திறந்துவைத்துவிட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். வீட்டுப் பக்கத்துக் கதவும் திறந்திருந்தால் புகை உள்ளேயும் வரும்.

அடுத்தது பெட்ரோல். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே எழும்பிப் போய்விடாமல் தரையோடு தரையாய்ப் படர்ந்து, கதவின் அடியிலுள்ள சிறு இடைவெளி வழியாகவும் புகுந்துவிடும். அப்புறம் இருப்பது சமையலறையானால், அடுப்பு நெருப்பு அதற்குக் காத்திருக்கிறது. நாம் கார் ஷெட்டில் வைக்கும் மற்றப் பொருட்களையும் எண்ணிப் பாருங்கள்: பெயிண்ட், தின்னர், மண்ணெண்ணெய், பழைய மெத்தை, இன்வெர்ட்டர் பேட்டரி. சாதாரண இன்வெர்ட்டர் பேட்டரி மின்னேற்றம் பெறும்போது, எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு வெளிவருகிறது.

இக்காலத்தில் மின்சார ஸ்கூட்டரும் சேர்ந்துகொண்டது. 2022 மார்ச் மாதம் வேலூரில், இரவில் மின்னேற்றத்திற்கு இணைத்திருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்ததில், புகையில் மூச்சுத் திணறி ஒரு தகப்பனும் மகளும் மரித்துப்போனார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 12ஆம் தேதி செகந்திராபாத்தில், மின்சார ஸ்கூட்டர் விற்பனையகத்தில் பற்றிய தீயின் புகை மேலேயிருந்த தங்கும் விடுதிக்குள் ஏறி, எட்டுப் பேரைப் பலிகொண்டது. இவற்றுக்குப் பின் 2022 டிசம்பர் முதல் பேட்டரிப் பாதுகாப்பு விதிகளை அரசு கட்டங்கட்டமாகக் கடுமையாக்கியது. எனினும் இவ்விரு சம்பவங்களும் கற்றுத்தரும் பாடம் ஒன்றே: உறங்குகிறவர்களைத் தீ தொடுவதற்கு முன் புகை வந்து தொட்டுவிடுகிறது. புகைக்கு வழியாய் அமைவது கதவும் படிக்கட்டும்.

3. பிற நாடுகளில் வைத்திருக்கும் ஒழுங்கு

வீட்டோடு ஒட்டிய கார் ஷெட்டும் இடையில் ஒரு கதவும் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் வெகு சாதாரணம். ஆனால் அங்கே அந்தக் கதவை எப்படியும் போட்டுவிட முடியாது. அமெரிக்க மாநிலங்கள் பெரும்பாலானவை பின்பற்றும் மாதிரிக் குடியிருப்பு விதிகளின்படி, அந்தக் கதவு குறைந்தது 35 மி.மீ. கனமுள்ள கெட்டி மரக்கதவாகவோ, அதற்கு ஈடான இரும்புக் கதவாகவோ, 20 நிமிடம் தீயைத் தாங்கும் கதவாகவோ இருக்க வேண்டும். தானாக மூடிக்கொள்ளும் அமைப்பும் இருப்பது அந்த விதிகளின் இயல்பு. எல்லாவற்றுக்கும் மேலாக, படுக்கையறைக்குள் நேரே திறக்கும் வழியே கூடாது.

இங்கிலாந்தின் வழிகாட்டு விதிகளோ 30 நிமிடம் தீயையும், அதோடு புகையையும் தடுத்து நிற்கும், தானாக மூடும் கதவைக் கேட்கின்றன. கதவின் வாசற்படி கார் ஷெட்டுத் தரையைவிட 100 மி.மீ., அதாவது நான்கு அங்குலம் உயர்ந்திருக்க வேண்டும். அல்லது சிந்திய பெட்ரோல் கதவைவிட்டு விலகி வெளிப்பக்கம் ஓடும்படி தரை சரிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு விதிக்குப் பின்னும் ஏதோ ஒரு வீட்டின் கண்ணீர் இருந்திருக்கும் என்றே நான் எண்ணுகிறேன்.

4. போடுவதானால் எப்படிப் போடுவது?

கதவுக்கு அப்புறம் நடைபாதையோ, மாடிப்படியடியோ, பொருள் வைக்கும் சிற்றறையோ இருக்குமானால் தாராளமாக யோசிக்கலாம். அப்பொழுது இவற்றைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

சுவரைத் தொடுமுன் ஒரு பொறியாளரை அழைத்துக் காட்டுங்கள். தூண்களும் உத்திரங்களும் பாரத்தைத் தாங்கும் வீட்டில் இடைச்சுவரை வெட்டுவது ஒன்று. பழைய வீடுகளில் மாடியின் பாரம் முழுவதையும் தாங்கி நிற்கும் ஒன்பது அங்குலச் செங்கல் சுவரை வெட்டுவது முற்றிலும் வேறு. அங்கே முதலில் முட்டுக்கொடுத்து, சுவரின் பாதிக் கனத்தை ஒரு பக்கமாய் வெட்டி லிண்டலை ஏற்றி, அது பிடித்தபின் மறுபாதியைச் செய்து, கடைசியாகத்தான் கீழே உடைக்க வேண்டும். லிண்டலின் இரு முனைகளும் குறைந்தது ஆறு அங்குலமாவது சுவர்மேல் அமர வேண்டும். சுவருக்குள் ஓடும் மின்கம்பியும் தண்ணீர்க் குழாயும் எங்கேயென்று முன்னதாகவே பார்த்துவிடுங்கள்.

குளியலறைக்குப் போடும் பி.வி.சி. கதவை இங்கே போடாதிருங்கள். தீ பட்டால் நொடியில் உருகிவிடும். உள்ளே வெற்றிடமுள்ள மலிவுக் கதவும் வேண்டாம். கெட்டிக் கதவு, தானாக மூட டோர் குளோசர், சுற்றிலும் ரப்பர் பட்டை, உயர்ந்த வாசற்படி ஆகிய நான்கும் அவசியம். காற்று வரட்டும் என்று கதவின்கீழ் செங்கல்லை முட்டுக்கொடுத்து வைப்பீர்களானால், இவ்வளவு செலவும் வீணே.

திருடர் பயமும் உண்டு. ஷட்டரை நெம்பி உள்ளே வந்துவிட்டவன், தெருவின் கண்ணுக்கு மறைவாக நின்று அந்த உட்கதவை உடைக்கலாம். ஆகையால் தலைவாசலுக்குப் போடும் பூட்டும் தாழ்ப்பாளும் இதற்கும் வேண்டும்.

5. வாடகை வீட்டில் இருக்கிறீர்களா?

"எங்களுக்கு ஷெட்டும் இல்லை, சுவரை உடைக்க உரிமையும் இல்லை" என்கிறீர்களா? உங்களுக்கும் இதே கேள்வி வேறு உருவில் உண்டு. தெருவில் நிறுத்தினால் களவு போகுமென்று இரவில் ஸ்கூட்டரை வீட்டுக் கூடத்திலேயே ஏற்றி வைக்கும் குடும்பங்களை நான் அறிவேன். பிள்ளைகள் பாய் விரித்துப் படுக்கும் அதே கூடம்! அங்கே இடைச்சுவரே இல்லை. வண்டியைப் படிக்கட்டின் கீழ் நிறுத்தினாலும், தீப்பிடித்தால் மாடியிலிருப்பவர்கள் இறங்கிவரும் ஒரே வழி அடைபட்டுப்போகும். வீட்டு உரிமையாளரிடம் பேசி, வெளியே சுவரில் ஓர் இரும்பு வளையம் பதித்துச் சங்கிலியால் பூட்டிக்கொள்ள அனுமதி கேளுங்கள். மின்சார வண்டியானால், நிறுவனம் கொடுத்த சார்ஜரிலேயே, எல்லோரும் விழித்திருக்கும் நேரத்தில், வாசலை மறைக்காத இடத்தில் மின்னேற்றுங்கள்.

அந்த வீட்டில் என்ன செய்தார்கள்?

சில நாள் கழித்து மீண்டும் அந்த வீட்டிற்குச் சென்றேன். நானும் அந்தச் சகோதரரும் கார் ஷெட்டின் நான்கு சுவர்களையும் பார்த்தோம். ஒன்று தாயார் உறங்கும் அறை. மற்றொன்று சமையலறை. மூன்றாவது பக்கம் ஷட்டர். மீதியிருந்தது சந்துப் பக்கத்துச் சுவர் மட்டுமே.

"தம்பி, அம்மா 'தொந்தரவில்லை' என்று சொன்னது உங்கள்மேலுள்ள அன்பினால். அவர்களுக்கு அந்தப் புகையைப்பற்றித் தெரியாது; தெரிந்திருந்தாலும் அதையே சொல்லியிருப்பார்கள். நமக்காக எதையும் ஒத்துக்கொள்ளுகிறவர்களுக்காக நாம்தான் இரண்டு மடங்கு யோசிக்க வேண்டும்" என்றேன். அவர் சற்று நேரம் பேசாமல் நின்றார். பின்பு ஈரத்துணியை எடுத்துச் சுவரிலிருந்த சுண்ணக்கட்டி அடையாளத்தைத் தாமே அழித்துவிட்டார்.

யோசனை சொன்னது அந்தச் சகோதரிதான். "எனக்கு வேண்டியது வீட்டுக்குள் போகும் கதவு இல்லை ஐயா, தெருவுக்கு வராமல் தலைவாசலுக்குப் போக ஒரு வழி, அவ்வளவுதான்" என்றார். பொறியாளர் வந்து பார்த்தார். சந்துப் பக்கத்துச் சுவரில் ஓர் இரும்புக் கதவு போட்டார்கள். சந்தின் தெருமுனையைக் கம்பிக் கேட்டால் அடைத்து, மேலே மழைக்குத் தகரம் போட்டு, ஆள் வந்தால் தானே எரியும் விளக்கும் வைத்தார்கள். இப்பொழுது அவர் வண்டியை விட்டு, ஷட்டரை உள்ளிருந்தே பூட்டி, நனையாமல், வெளிச்சத்தில் தலைவாசலுக்கு நடந்து வருகிறார். தாயாரின் அறைச் சுவர் முழுச் சுவராகவே நிற்கிறது.

பிரியமானவர்களே, உங்கள் வீட்டிற்கு வேறு முடிவு பொருத்தமாயிருக்கலாம். ஆனால் மேஸ்திரி சுவரில் கோடு போடுமுன், அந்தச் சுவருக்கு அப்புறம் போய் ஒருமுறை நின்று பாருங்கள். அங்கே யார் தலைவைத்துப் படுக்கிறார்கள் என்று பார்த்தபின் முடிவெடுங்கள்.