கயிற்றோடு போன மணல்!

மணவாளக்குறிச்சி கடற்கரையில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு நடை போய் வந்தேன். டீக்கடைக் குழாயடியில் பாதத்தைக் கழுவினால்... கறுப்புத் தண்ணீர்!

"அழுக்குன்னு நினைக்காதீங்க சாரே. அம்புட்டும் காசாக்கும்!" என்றார், பெஞ்சில் இருந்த மீனவப் பெரியவர்.

உண்மைதான். இல்மனைட், ரூட்டைல், சிர்கான், மோனசைட் எல்லாம் கலந்த மணல் இது. மோனசைட்டுக்குள் இருப்பது தோரியம், அணுசக்திச் சரக்கு! இதைக் காட்டிக்கொடுத்தது கயிறு. இங்கிருந்து கப்பலேறிய தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலை 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மன்காரர் ஆராய்ந்தார். அப்போது காஸ் விளக்கு மேன்டிலுக்குத் தோரியம் தேவை. மனிதர் இங்கேயே வந்து ஆலை வைத்துவிட்டார்! இப்போது நடப்பது மத்திய அரசின் அருமணல் ஆலை.

கடற்கரையில் மணல் எடுக்கக் கூடாது என்றது 1991-ஆம் வருஷத்துக் கடலோர ஒழுங்குமுறை அறிவிப்பு. வேறெங்கும் கிடைக்காத அரிய கனிமத்துக்கு மட்டும் விலக்கு. சரி, தோரியத்துக்காகத் திருச்சிக்கா போக முடியும்?

ஆனாலும் ஒரு காவல் இருந்தது. துறைமுகத்துக்காகக் கடலைப் புதிதாக ஆழப்படுத்தினாலும், பெரிய அளவில் கனிமம் தோண்டினாலும், முன்அனுமதி வாங்கச் சொன்னது 2006-ஆம் வருஷ அறிவிப்பு. ஊரைக் கூட்டிக் கருத்துக் கேட்பதும் அதில் உண்டு. கடல் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. இங்கே கைவைத்தால் அடுத்த ஊர்க் கரை அரிக்கலாம். அது முதலில் கண்ணில் படுவது, தினமும் வள்ளம் இறக்குகிறவருக்குத்தானே?

கிள்ளியூர் வட்டாரத்தில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டத்துக்கு 2024 அக்டோபர் 1-இல் கருத்துக் கேட்பு என்றார்கள். மக்கள் எதிர்ப்பில் கூட்டம் தள்ளிப்போனது. 2025 செப்டம்பர் 8-இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு குறிப்பாணை போட்டது: அணுக் கனிமச் சுரங்கங்களுக்கு மக்கள் கருத்துக் கேட்பே வேண்டாம்! அதை வாபஸ் வாங்கும்படி முதல்வர் ஸ்டாலின் அதே மாதம் பிரதமருக்குக் கடிதம் எழுதினார்.

நாட்டுக்குத் தோரியம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. பெரியவர் சொன்னதும் அதையல்ல.

"கல்யாணப் பந்தலுக்கு நாலு குழி தோண்டினாலும் பக்கத்து வீட்டுக்காரன்ட்ட ஒரு வார்த்தை சொல்லுவோம். இது எங்க முற்றமாக்கும்... எங்ககிட்ட கேக்க வேண்டாமா சாரே?"

டீ ஆறிப்போனது. எனக்குப் பதில் வரவில்லை.